அந்தக் குடிசைக் கதவில் வலை இருந்தது

எங்கள் ஒழுங்கையில் பஞ்சலிங்கம் மாஸ்டரின் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நுளம்பு மாஸ்டரின் வீடு என்று கேட்டால் படலைவரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். கொசுவுக்கு எங்கள் ஊரில் நுளம்பு என்று பெயர். மாஸ்டருக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். கொக்குவிலில் அவருடைய வளவும் எங்கள் வளவும் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவில் ஒரு மதில், மதிலோடு ஒரு பங்குக் கிணறு. அந்தக் கிணற்றில் நுளம்புக் குடம்பிப் புழுக்களைத் தின்பதற்கென்று மீன் விட்டவர் அவர். நான் தண்ணீர் அள்ளும்போது வாளிக்குள் மீன் வந்துவிட்டால், அதைத் திருப்பி விட்டேனா என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். அரசாங்கக் கச்சேரியில் காலமெல்லாம் அதிகாரிமாருக்குப் பதில் சொல்லிக் களைத்து, ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறவள் நான். வாளி மீனுக்கும் பதில் சொல்லவேண்டி வந்தால் எனக்குக் கோபம் வராதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு தடியோடு ஒழுங்கையில் இறங்குவார். மல்லாந்து கிடக்கும் சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, ஒன்றும் அவருக்குத் தப்பாது. ஒருநாள் எங்கள் குசினிக்குள் வந்து குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டை இழுத்துப் பார்த்தார். நான் கத்தின கத்தலில் அவருடைய மனைவி யோகராணி கிணற்றடிக்கு வந்துவிட்டாள்.

“அவரை விடு கலா. உந்தச் சாட்டிலை எண்டாலும் கொஞ்சம் நடக்கட்டும்” என்றாள்.

யோகராணி என்னோடு படித்தவள். அவளுக்காகத்தான் அந்த மனிதரைப் பொறுத்துக்கொண்டேன்.

மாஸ்டர் கோப்பாயில் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் மூத்த மகன். விஞ்ஞானம் படித்து ஆசிரியரானவர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் கைக்குழந்தை தர்சினியைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய் ஒரு கொட்டிலில் இருந்தபோது யோகராணிக்கு மலேரியா வந்தது. அவள் நடுங்க நடுங்க, இருந்த சாக்கையெல்லாம் எடுத்து மூடிவிட்டு அவள் மேல் ஏறிப் படுத்துக் கிடந்தாராம். இதை யோகராணி எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் நுளம்புப் பைத்தியம் பிடித்தது. பிழைத்த மனுசியை இன்னொரு முறை நுளம்புக்குக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

அவரிடம் படித்த பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு கதையை மறந்திருக்காது. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு விறாந்தையில் ரியூசன் கொடுத்தார். பரிசோதனை என்றால் என்ன என்று சொல்லும் முதல் பாடத்துக்கு அந்தக் கதைதான். மதிலுக்கு இந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

கியூபா தேசம். ஆயிரத்துத் தொளாயிரமாம் ஆண்டு. மஞ்சள் காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, கறுப்பாக வாந்தியெடுத்துச் சனம் செத்துக்கொண்டிருந்தது. செத்தவர்களின் உடுப்பிலும் படுக்கையிலும் இருந்துதான் நோய் தொற்றுகிறது என்று பெரிய வைத்தியர்மாரே நம்பினார்கள். ஹவானாவிலிருந்த பின்லே என்ற வைத்தியர் மட்டும், இல்லை, நுளம்புதான் காவுகிறது என்று இருபது வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த இடம் வந்ததும் மாஸ்டர் குரலை உயர்த்துவார், எனக்குக் கேட்கவேண்டுமென்று. பிறகு அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் சிலர் அதைச் சோதிக்க வந்தார்கள். அவர்களில் லாசியர் என்ற இளைஞர் நுளம்பு கடித்துச் செத்தே போனார். மிச்சப் பேர் நகரத்துக்கு வெளியே இரண்டு குடிசைகள் கட்டினார்கள்.

முதல் குடிசையில், காய்ச்சலில் செத்தவர்களின் வாந்தியும் மலமும் பட்ட போர்வைகளையும் உடுப்புகளையும் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்று பேர் அவற்றை உடுத்து, அவற்றின் மேலேயே இருபது இரவுகள் படுத்தார்கள். நாற்றத்தில் வெளியே ஓடிவந்து சத்தியெடுத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார்களாம். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. இரண்டாவது குடிசை துப்புரவானது. நடுவில் கம்பிவலை. வலையின் ஒரு பக்கம் நோயாளியைக் கடித்த நுளம்புகளை விட்டு, அதற்குள் ஒரு பொடியனைப் படுக்க வைத்தார்கள். மற்றப் பக்கம் இரண்டு பேர். நுளம்புப் பக்கம் படுத்தவனுக்கு நத்தார் நாளில், கிறிஸ்மஸ் அன்று, காய்ச்சல். மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை.

“ஆகவே பிள்ளையள், உடுப்பு ஒண்டும் செய்யாது. நுளம்புதான் செய்யும்” என்று முடிப்பார். யோகராணி உள்ளேயிருந்து, “இந்த மனுசன் என்னைவிட அந்தக் குடிசைக்குள்ளைதான் கனகாலம் குடித்தனம் நடத்தினது” என்பாள்.

போன கார்த்திகையில் பெய்த மழை மார்கழியிலும் விடவில்லை. வளவெல்லாம் வெள்ளம். டெங்குக் காய்ச்சல் வீடு வீடாக வந்தது. மஞ்சள் காய்ச்சலைக் காவுகிற அதே சாதி நுளம்புதான் டெங்குவையும் காவுகிறது என்று மாஸ்டர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படித் திரிந்தவருக்கே இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தது. பனடோல் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்ததால் வந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். அடுத்த கிழமை யோகராணி படுத்தாள்.

நாலு நாள் வீட்டில் கிடந்தாள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்தோம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று மாஸ்டருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் உடனே ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டோடினார். அங்கே பாடுபட்டார்கள். ஆனால் அவளுடைய உடம்பு கேட்கவில்லை. கொழும்பில் வங்கியில் வேலை செய்யும் தர்சினி வந்து இறங்கியபோது தாய்க்கு நினைவு இல்லை.

அந்தச் செத்தவீட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என்னால் முடியாது.

செத்தவீட்டு அலுவலெல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, யோகராணியின் தமக்கை நல்லம்மா அக்கா கோப்பாயிலிருந்து வந்து அந்தியேட்டி வரைக்கும் தங்கினார். அந்தியேட்டி என்பது எங்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை. அதுவரை துடக்கு, வீட்டுக்காரர் கோயிலுக்கோ நல்ல காரியத்துக்கோ போவதில்லை. வெளியே மழை, உள்ளே துடக்கு. மூன்று பேரும் வீட்டோடு கட்டுண்டு கிடந்தார்கள். யோகராணி படுத்திருந்த அறையில் விளக்கேற்றி, பக்கத்தில் அவளுடைய பெயர் வெட்டின எவர்சில்வர்ச் செம்பில் தண்ணீர் வைத்தார் நல்லம்மா அக்கா.

“ஆத்துமா தாகத்தோடை வரும், தம்பி. அந்தியேட்டி வரைக்கும் செம்பு குறையவும் கூடாது, தண்ணியை வெளியிலை ஊத்தவும் கூடாது. குறையக் குறைய விட்டு நிரப்புங்கோ.”

நாவூறு, பேய், எட்டில் சனி, எல்லாவற்றையும் காலமெல்லாம் நக்கலடித்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார். காலையிலும் பின்னேரமும் தானே கிணற்றில் அள்ளிப் போய் நிரப்பினார். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. நீ பார்க்கவேணும் யோகராணி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அடுத்ததாக நல்லம்மா அக்கா சொன்னதை அவர் கேட்கவில்லை.

“காய்ச்சல்லை கிடந்தவளின்ரை படுக்கையையும் சீலையளையும் எரிச்சுப் போடவேணும். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு.”

“ஒண்டையும் தொடக் கூடாது, அக்கா.”

“தொத்து நோயெல்லே, தம்பி?”

“உடுப்பிலை தொத்தாது. மூண்டு பேர் இருபது இரவு படுத்துப் பாத்தவங்கள்.”

நல்லம்மா அக்காவுக்கு எந்த மூன்று பேர் என்று விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கியூபா என்றேன். இரண்டு பேருக்கும் விசர் என்பதுபோல எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

மழைக்காலத்தில் வெளியே காயப் போட முடியாதென்று யோகராணி அறைக்குள் குறுக்காகக் கொடி கட்டியிருந்தாள். அந்தக் கொடியில் அவள் உடுத்துக் கழற்றிப் போட்ட சேலைகள் தொங்கின. கட்டிலில் அவள் படுத்த விரிப்பு. மாஸ்டர் யன்னல்களை இழுத்துப் பூட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கட்டிலில் போய்ப் படுத்தார். நுளம்புத்திரி கொளுத்தவில்லை. சாம்பிராணிகூட வைக்க விடவில்லை. ரியூசன் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தடி விறாந்தை மூலையில் கிடந்தது. என் பூச்சாடித் தட்டில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. ஏன் என்று கேட்க ஆளில்லை. நானே கவிழ்த்துவிட்டேன்.

யன்னலை ஏன் பூட்டினார் என்று எனக்குச் சொன்னவள் தர்சினி.

“அம்மாவின்ரை மணம் போயிடும் எண்டு பயப்பிடுறார், அன்ரி. எனக்கும் பயம். சீலையுக்குள்ளை முகத்தை வைச்சால் அம்மா நிக்கிறமாதிரிக் கிடக்கு.”

பவுடரும், வேர்வையும், தலைக்கு வைக்கும் எண்ணெயும் கலந்த யோகராணியின் மணம். எனக்கும் தெரிந்த மணம்தான். அந்தப் பிள்ளை பகலில் பாதி நேரம் கொடிக்குக் கீழே நிலத்தில் இருந்தாள். நான் யன்னலுக்கு வெளியே நின்று தட்டுவேன். அந்தப் பூட்டிய அறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். தகப்பனும் மகளும் தாங்களாகவே ஒரு பெட்டிக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது.

“மாஸ்டர், காத்து வெளிச்சம் வேணும். பிள்ளையை எண்டாலும் வெளியிலை விடுங்கோ.”

“கலா, நான் இவ்வளவு நாளும் இதுக்குள்ளைதானே படுக்கிறன். எனக்கு ஏதும் வந்ததோ? நீர் விடும்.”

அவர் படித்தவர். நான் படிக்காதவள் இல்லை. ஆனாலும் அந்தக் குரலுக்கு மேலே பேச எனக்கு மனம் வரவில்லை. கோபத்தோடு வீட்டுக்குப் போய் உலையில் அரிசியைப் போட்டேன்.

அந்தக் கிழமை சுகாதாரப் பரிசோதகர் நாலைந்து பொடியன்களோடு ஒழுங்கை முழுக்க டெங்குச் சோதனைக்கு வந்தார். மாஸ்டரின் வளவைச் சுற்றிப் பார்த்து அசந்துவிட்டார். தண்ணீர்த் தாங்கிக்கு வலை, கிணற்றுக்கு மீன், ஒரு சிரட்டை இல்லை. உள்ளே அறைகளையும் பார்க்கவேண்டும் என்றார். மாஸ்டர் கதவை மறித்து நின்றார்.

“அது செத்த ஆளின்ரை அறை.”

பரிசோதகரும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். செருப்பைப் போட்டுக்கொண்டு, மன்னிக்கவேணும் சேர் என்று சொல்லிவிட்டுப் போனார். யார்தான் அந்த அறைக்குள் போவார்கள்? நானும் போகவில்லை.

மூன்றாம் கிழமை தர்சினிக்குக் காய்ச்சல் கண்டது.

இதில் பயப்படுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் படிக்கும் காலத்தில் அவளுக்கு ஒருமுறை டெங்கு வந்தது. டெங்குவில் நாலு வகை; வந்த வகை திரும்ப வராது, ஆனால் வேறு வகையில் இரண்டாம் முறை வருகிற டெங்கு பொல்லாதது. முதல்முறை வந்து மாறினவர்களைத்தான் இரண்டாம் முறை கூடுதலாகக் கொண்டுபோகும். இரத்தம் சோதித்து டெங்கு என்று சொன்னபோது, மாஸ்டர் ஆஸ்பத்திரி வாங்கில் அப்படியே இருந்துவிட்டார். நல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்னனான், அந்தச் சீலையளை எரிக்கச் சொல்லி” என்று அழுதார். மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இந்த முறை குடிசைக் கதை சொல்லவில்லை.

வார்டில் தர்சினியை நுளம்பு வலைக்குள் படுக்க வைத்தார்கள். நோயாளியை ஒரு நுளம்பு கடித்து இன்னொருவருக்குக் கொண்டுபோகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஹவானாவிலும் பிறகு அப்படித்தான் செய்தார்களாம், நோயாளிகளை வலைக்குள் வைத்தே ஊரைக் காப்பாற்றினார்களாம். வெள்ளை வலைக்குள் அவள் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தாள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. தகப்பன் வலைக்கு வெளியே கதிரையில். அவளுடைய கையைப் பிடிப்பதென்றால்கூட வலையைத் தூக்கவேண்டும்.

அடுத்த நாள் காலை, மாற்று உடுப்பு எடுக்க மாஸ்டரும் நானும் வீட்டுக்கு வந்தோம். தர்சினியின் பை அந்த அறைக்குள்தான் இருந்தது. முதல் தடவையாக நான் உள்ளே போனேன். இருட்டு, புழுக்கம், அணைந்துபோன விளக்கின் எண்ணெய் வாடை. பையை எடுக்கக் கொடிக்குக் கீழே குனிந்தபோது என் தலை ஒரு சேலையில் பட்டது. சேலை மடிப்புக்குள்ளிருந்து கறுப்பாக இரண்டு மூன்று எழும்பின. ஒன்று என் கையில் இருந்தது. காலில் வெள்ளை வரி, டெங்கு நுளம்பு.

நான் அதை அடிக்கவில்லை. கையை அப்படியே மாஸ்டருக்கு நீட்டினேன்.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அது கடித்துவிட்டுப் பறந்தது. பிறகு போய், இத்தனை நாளும் பூட்டிக் கிடந்த யன்னலைத் திறந்தார். துருப்பிடித்த கொளுக்கி இழுபட்டு வந்தது. வெளிச்சம் செம்பில் விழுந்தது. அவர் செம்பை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. கரும்பலகையில் வருசா வருசம் அவர் கீறிக் காட்டிய அதே உருவம். வெண்கட்டியால் கீறியதை மதிலுக்கு மேலால் நானே பார்த்திருக்கிறேன்.

தண்ணீரை விட்டு நிரப்பினார், வெளியே ஊற்றவில்லை. விளக்கு வெளிச்சத்தில் நிரப்பியபடியால் உள்ளே இருப்பது தெரியவில்லை. ஊரெல்லாம் சிரட்டை கவிழ்த்த மனிதர், தன் கையாலேயே நுளம்புக்குத் தண்ணீர் வைத்து வளர்த்திருக்கிறார்.

“அந்தக் குடிசைக் கதவிலை வலை இருந்தது, கலா” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“முதலாம் குடிசை. உடுப்பு கிடந்த குடிசை. நுளம்பு ஒண்டும் உள்ளை போகாமல் கதவுக்கும் யன்னலுக்கும் வலை அடிச்சுத்தான் அவங்கள் படுத்தவங்கள். இவ்வளவு வருசமும் உடுப்பைத்தான் சொன்னனான். வலையை ஒருநாளும் பிள்ளையளுக்குச் சொல்லேல்லை. நானும் யோசிக்கேல்லை.”

கட்டிலில் இருந்தார். செம்பு மடியில்.

“யோகத்தைக் கடிச்ச நுளம்பு இந்தச் சீலையுக்குள்ளைதான் இருந்திருக்கு. கடிச்ச உடனை அது தொத்தாது, பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும். அந்த நாள் முழுக்க நான் யன்னலைப் பூட்டி அதைக் காவல் காத்திருக்கிறன். பிள்ளை வந்து கீழை இருந்திருக்கிறாள்.”

“உங்களுக்கு ஒண்டும் வரேல்லையே, மாஸ்டர்” என்றேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்றுதான் சொன்னேன்.

“எனக்கு ஏற்கெனவே வந்து மாறினது. யோகத்துக்கு முதல் எனக்குக் காய்ச்சல் வந்ததெல்லே, அதுதான் இது. ஒருக்கா வந்து மாறினவனை அந்தச் சோதினைக்கு எடுக்கமாட்டாங்கள். அதே வகை, கடிச்சாலும் அவனுக்குத் திரும்ப வராது. நான் எனக்கு ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு சொன்னது சோதினையே இல்லை.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை நாள் இந்த யன்னலுக்கு வெளியே நின்று வாய் காட்டினேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருநாள் உள்ளே போகாமல் விட்டேனே.

நல்லம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். மாஸ்டர் செம்போடு எழும்பியதைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

“தம்பி, ஊத்தாதையுங்கோ. அந்தியேட்டி இன்னும் கிடக்கு. அவள் தாகத்தோடை போவாள்.”

மாஸ்டர் நின்றார். நகரவில்லை. அந்தச் செம்பை அவரால் ஊற்ற முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்லம்மா அக்கா மறித்ததால் அல்ல. உள்ளே நெளிவது என்ன என்று உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் யோகராணிக்கென்று அள்ளி வைத்த தண்ணீர் அது. அவளுக்காகச் செய்வதற்கு அவருக்கு வேறென்ன மிஞ்சியிருந்தது?

“அக்கா” என்றார் மாஸ்டர், மெதுவாக. “யோகம் பழந்தண்ணி குடிக்கிறவளோ?”

நல்லம்மா அக்கா செம்பைப் பார்த்தார்.

“நேத்தையான் தண்ணியை அவள் ஒருநாளும் வாயிலை வைச்சதில்லை. விடிய எழும்பி முதல் வேலை செம்பைத் தேய்ச்சுப் புதுத்தண்ணி அள்ளுறதெல்லே. நாங்கள் அவளுக்குப் பழந்தண்ணி வைச்சிருக்கிறம்.”

நல்லம்மா அக்காவின் கைகள் தாமாகவே கீழே இறங்கின. தங்கச்சியை வளர்த்தவர் அவர். அது உண்மை என்று அவருக்குத் தெரியும். வழி விட்டார்.

மழை விட்டு வெயில் எறித்திருந்தது. மாஸ்டர் முற்றத்தில் காய்ந்த மணல் பார்த்து, செம்பைச் சரித்து, தண்ணீரைப் பரவலாக ஊற்றினார். குடம்பிகள் மணலில் துடித்து அடங்கும்வரை நின்று பார்த்தார். பிறகு கிணற்றடியில் குந்தியிருந்து, தும்பும் சாம்பலும் எடுத்துச் செம்பின் உட்பக்கத்தைத் தேய்த்தார். முட்டை உள்ளே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டால் திரும்ப உயிர்க்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தேய்த்து முடித்துப் புதுத்தண்ணீர் அள்ளி, நல்லம்மா அக்காவின் கையில் கொடுத்தார். அவர் கொண்டுபோய் விளக்கடியில் வைத்தார்.

கொடியில் கிடந்த சேலைகளை நான் இழுத்து எடுத்தேன். நுளம்புகள் மீது எனக்கிருந்த ஆத்திரத்தையெல்லாம் அந்தச் சேலைகளில் காட்டினேன். ஒன்று விடாமல் சவுக்காரம் போட்டு, கல்லில் அடித்து, முற்றமெல்லாம் விரித்துப் போட்டேன். மாஸ்டர் தடுக்கவில்லை. ஓட்டோ வந்ததும் பையோடு ஏறிவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் எங்களுக்குப் பொழுது என்று ஒன்று இருக்கவில்லை. காய்ச்சல் விட்டது. அதுதான் பயப்படவேண்டிய நேரம். பிளேட்லெட் இறங்கியது. வயிறு நோகுது என்றாள். தாதிமார் வந்து வந்து அழுத்தம் பார்த்தார்கள். தாய் இதே ஆஸ்பத்திரியில், இதே கட்டத்தில்தான் போனாள். நான் ஊரில் உள்ள பிள்ளையார் எல்லாருக்கும் நேர்த்தி வைத்தேன். மாஸ்டர் வலைக்கு வெளியே கதிரையை விட்டு எழும்பவில்லை. வலையின் ஓரம் மெத்தைக்குக் கீழே ஒழுங்காகச் சொருகியிருக்கிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்தபடி இருந்தார்.

ஒருதடவை தர்சினி கண் திறந்து, “அப்பா, அம்மாவின்ரை அறை பூட்டியோ கிடக்கு?” என்று கேட்டாள்.

“திறந்திட்டன், பிள்ளை.”

“ஏன் திறந்தனீங்கள்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பிள்ளை தப்பினாள். மூன்றாம் நாள் விடியப் பசிக்குது என்றாள். பெரிய டொக்டர் வந்து, இனிப் பயமில்லை என்று சொன்னபோது மாஸ்டர் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எலும்பும் தோலுமாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படலையைத் தாண்டினதும் நேரே அந்த அறைக்குத்தான் போனாள். யன்னல் இரண்டும் விரியத் திறந்து, காற்று அடித்துக்கொண்டிருந்தது. சேலைகளை நான் மடித்து அலுமாரியில் அடுக்கியிருந்தேன். ஒன்றை எடுத்து முகத்தில் வைத்தாள். பிறகு அடுத்ததை. பிறகு கீழ்த்தட்டில் இருந்ததை.

“சவுக்காரம்தான் மணக்குது” என்றாள்.

என்னைக் குறை சொல்லவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். கண்ணீர் அதன்பாட்டில் ஓடியது. எனக்கு அந்தச் சுவருக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. செய்தது சரியான வேலைதான். ஆனால் அவளுடைய அம்மாவை நான்தான் கல்லில் அடித்துத் தோய்த்துவிட்டேன்.

நல்லம்மா அக்கா அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார். மாஸ்டர் புதுவலை கட்டி, நாலு பக்கமும் சொருகினார். பிறகு தன் அறைக்குப் போய் ஒரு பொதியோடு வந்தார். தடித்த பொலித்தீன் பை. காற்றுப் புகாமல் வாயை முறுக்கி, நூலால் பல சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே மாம்பழ நிறத்தில் வீட்டுச் சேலை ஒன்று. யோகராணியை ஓட்டோவில் ஏற்றின அன்று அவள் உடுத்திருந்தது, ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தது. செம்பைத் தேய்த்த அன்று, நான் கொடியில் கை வைப்பதற்கு முன்னால், அதை மட்டும் எடுத்து உதறி, ஒரு நுளம்பும் இல்லையென்று பார்த்துக் கட்டி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

நல்லம்மா அக்கா பதறிப்போனார். “தம்பி, காய்ச்சலோடை உடுத்த சீலை அது.”

“உடுப்பு ஒண்டும் செய்யாது, அக்கா” என்றார் மாஸ்டர்.

வலையைக் கொஞ்சமாகத் தூக்கிப் பையை உள்ளே கொடுத்தார். தர்சினி நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். சேலையை எடுத்து முகத்தில் வைத்தவள் மூச்சை இழுத்தாள், இழுத்தாள், விடவேயில்லை. அவர் குனிந்து வலையின் ஓரத்தைத் திரும்பவும் மெத்தைக்குக் கீழே சொருகினார். கால்மாட்டுப் பக்கம், பிறகு தலைமாட்டுப் பக்கம், கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு வெளியே கதிரையில் இருந்துகொண்டு, “எனக்கும் ஒருக்கா மணக்குதோ எண்டு பாக்கிறன்” என்று சொல்லி வலையில் முகத்தை வைத்தார்.